செவ்வாய்க்கிழமை மீன்

வெள்ளவத்தை,
ஞாயிறு காலை.

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் வலி முன்னைக்குப் பரவாயில்லை. நீ அனுப்பிய எண்ணெய் நல்லதாம், மணம்தான் பிடிக்கவில்லையாம். அக்கா வியாழக்கிழமை மெல்பேர்னிலிருந்து எடுத்தாள், நன்றாக இருக்கிறார்கள். மேல்வீட்டுத் தண்ணீர்த் தாங்கி இன்னும் ஒழுகுகிறது. செய்தி என்று சொன்னால் இவ்வளவுதான்.

போன் இருக்க ஏன் கடிதம் என்று யோசிப்பாய். போனில் நான் "எப்பிடியடா" என்பேன், நீ "ஓம் அப்பா, சுகம்" என்பாய். அதோடு இரண்டு பேருக்கும் கதை முடிந்துவிடும். பின்னால் நின்று அம்மா "சாப்பிட்டானோ கேளுங்கோ" என்பாள், நானும் கேட்பேன், நீயும் ஓம் என்பாய். எனக்கு எழுதத்தான் வரும். நாற்பது வருடம் லெட்ஜரில் எழுதிய கை.

நீ அனுப்பிய படம் கிடைத்தது. மீன் வடிவு. 'சன்ஃபிஷ்' என்று ஒரே ஒரு சொல் எழுதியிருந்தாய். உள்ளங்கையளவு உடம்பு, செம்மஞ்சள் வயிறு, செவுள் ஓரத்தில் குங்குமம் வைத்ததுபோல ஒரு சிவப்புப் பொட்டு. சட்டிக்குள் முழுசாக அடங்கும் இந்தச் சின்ன மீன்களை எல்லாம் சேர்த்து அங்கே 'பான்ஃபிஷ்' என்பார்களாம், கீழ்வீட்டுப் பிள்ளை தேடிச் சொன்னாள். பொரிக்கிற மீனுக்கு நல்ல பெயர். உனக்குப் பின்னால், ஓடையின் மறுகரையில், ஒரு நாரை நிற்கிறதே, பார்த்தாயா? நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இங்கே நிற்கும் சாம்பல் நாரையின் தமையன் மாதிரி இருக்கிறது. உனக்கு மீன் கிடைத்ததைப் பார்த்துப் பொறாமையில் நிற்கிறது போல.

படம் இங்கே வந்தபோது செவ்வாய்க்கிழமை இரவு எட்டரை. உங்களுக்கும் எங்களுக்கும் இப்போது ஒன்பதரை மணித்தியாலம் வித்தியாசம். அங்கே செவ்வாய் பகல் பதினொரு மணி. கணக்கோடு பழகியவன், எதையும் எண்ணிப் பார்ப்பேன், வேறு ஒன்றுக்கும் இல்லை. அன்றைக்கு அங்கே ஏதாவது விடுமுறையாக இருக்கும். கனடாவில் எங்களுக்குத் தெரியாத விடுமுறைகள் இருக்கும்தானே.

சட்டை நல்ல சட்டை. நீலம் உனக்கு எப்போதும் எடுக்கும். கையை முழங்கைவரை மடித்துவிட்டிருந்தாலும் அயர்ன் பண்ணின மடிப்புத் தெரிகிறது. காலில் கறுப்புச் சப்பாத்து. ஓடைக்கரைக்கு அந்தச் சப்பாத்து சரிவராது தம்பி. பாசி பிடித்த கல் வழுக்கும். கரையில் நின்று பிடி, தண்ணீருக்குள் இறங்காதே.

இன்னொன்று. மீன் பிடித்துவிட்டு வீட்டுக்குப் போகிற நாளில் வெறும் சோப் போட்டுக் கழுவினால் மணம் போகாது. தேசிக்காயைப் பாதியாக வெட்டி, கொஞ்சம் உப்புத் தொட்டு, நகக்கண் வரைக்கும் தேய்க்க வேண்டும். எல்லோரும் கையைக் கழுவுவார்கள், சட்டைக் கையின் விளிம்பை மறந்துவிடுவார்கள். மணம் அங்கேதான் ஒளிந்திருக்கும். அங்கே தேசிக்காய் விலையாக இருக்கும், ஆனாலும் ஒன்று வாங்கி வை.

சின்னவனின் படம் மூன்று கிழமையாக வரவில்லை. பள்ளிக்கூட விடுமுறை, எங்காவது போய்த் திரிவார்கள். மருமகளுக்கும் வேலை கூடத்தான். நான் ஒன்றும் குறையாகச் சொல்லவில்லை. அம்மாதான் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

உன் படத்தைப் பார்த்த பிறகு எனக்கும் கை துறுதுறு என்றது. நேற்றுச் சனிக்கிழமை, விடிய முன்னமே எழும்பி அத்திடியாவுக்குப் போனேன். ஓம், அதே இடம்தான். சரணாலயத்துக்குள் இல்லை, பயப்படாதே. 1990ஆம் ஆண்டே அதைச் சரணாலயமாக்கிவிட்டார்கள், உள்ளே போய்த் தூண்டில் போட்டு இந்த வயதில் பொலிசுக்குப் போக எனக்கு ஆசையில்லை. வெளியே, வேரஸ் கங்கைக்குப் போகிற சின்னக் கால்வாய்க் கரை. அம்மா வாசலில் மறித்தாள். 2022 ஜனவரியில் தெகிவளைக் கடலில் முதலை கடித்து ஒருவர் இறந்தது அவளுக்கு இன்னும் முந்தாநாள் செய்தி. "முதலை கடலுக்கே வருது, கால்வாய்க்கு வராதோ" என்றாள். வரும்தான். நான் கரையை விட்டு இறங்க மாட்டேன் என்று சொல்லிப் போனேன். அதையேதான் உனக்கும் சொல்கிறேன், தண்ணீருக்குள் இறங்காதே.

இடம் நிறைய மாறிவிட்டது. முன்பு சேறும் குப்பையும் கிடந்த பக்கங்களில் இப்போது நடைபாதை போட்டிருக்கிறார்கள், தலையில் தொப்பியோடு ஆட்கள் விறுவிறு என்று நடக்கிறார்கள். 2018இல் கொழும்பை ராம்சார் ஈரநில நகரம் என்று அறிவித்தார்களே, அப்படி முதன்முதல் அறிவித்த 18 நகரங்களில் எங்களுடையதும் ஒன்று. அதே நகரத்தில் மண்லொறி வந்து சதுப்பை நிரப்பிக்கொண்டிருப்பதையும் நானே பார்த்திருக்கிறேன். நிரப்பின இடத்துக்குப் போகிற தண்ணீர் வேறு எங்கே போகும்? 2010 நவம்பரில் பாராளுமன்றத்துக்குள்ளேயே போனது. அந்தக் கட்டடமும் சதுப்பைத் தோண்டி நடுவில் கட்டினதுதானே.

தண்ணீரை முக்கால்வாசி ஆகாயத்தாமரை மூடியிருக்கிறது. 'ஜப்பான் ஜபர' என்று சீயா, முன்பு இதே கரையில் தூண்டில் போட்ட அந்தச் சிங்களக் கிழவர், சொல்வாரே, அதுதான். அதை ஒழிப்பதற்கு 1909இல் வெள்ளைக்காரன் சட்டம் போட்டான். சட்டத்துக்கு நூறு வயது தாண்டிவிட்டது, செடிக்கு நரை விழவில்லை. அதற்கு மேலே நீலத் தாழைக்கோழி, சிவப்புக் கால் இரண்டையும் தூக்கித் தூக்கி வைத்து, சேலை நனையாமல் நடக்கிற மாமி மாதிரிப் போகிறது.

கீழ்வீட்டுக்காரரின் தூண்டிலை இரவல் வாங்கியிருந்தேன். சுழற்றுகிற சக்கரம் வைத்த நாகரிகத் தடி, எனக்குச் சரிவரவில்லை. சக்கரத்தை விட்டுவிட்டுத் தங்கூசியைக் கையால் இழுத்துத்தான் போட்டேன். தக்கைக்குப் பழைய காற்செருப்புத் துண்டு, இரைக்குப் பாணின் நடுப்பாகம் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் விட்டுப் பிசைந்தது. எல்லாம் சீயாவின் முறைதான். தக்கை ஆடினதும் இழுக்கக்கூடாது, முங்கினதும் இழுக்க வேண்டும். உனக்கு இது நினைவிருக்கிறதோ தெரியாது. ஒரு நாள்தானே வந்தாய்.

இன்னும் சரியாக விடியவில்லை. வெல் ஆத்தா மரங்கள், அதுதான் அந்தச் சதுப்பு அன்னமுன்னா, கால்வாய்க்குக் குனிந்து நிற்கிற இடம். அதன் வேருக்குப் பக்கத்தில் ஒரு கல் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். கல்லுக்குக் காது இருந்தது.

தம்பி, பொய் சொல்லவில்லை. வீட்டுப் பூனையைப் போல இரண்டு மடங்கு இருக்கும். சாம்பலும் பச்சையும் கலந்த மாதிரி ஒரு நிறம், உடம்பு நீளத்துக்குக் கறுப்புப் பொட்டு வரிசை வரிசையாக, நெற்றியில் கோடு, வால் கட்டை. தண்ணீர் விளிம்பில் குந்தியிருந்து முன்னங்காலால் தண்ணீரை மெல்லத் தட்டியது. ஒரு பூச்சி விழுந்தால் எப்படி வளையம் வருமோ அப்படி. தட்டும், பார்க்கும். திரும்பத் தட்டும். நான் மூச்சு விடாமல் இருந்தேன். மூன்றாம் தரமோ நாலாம் தரமோ தலையைத் தண்ணீருக்குள் கொடுத்தது. பூனை தண்ணீருக்குள் தலை விட்டு நான் பார்த்ததில்லை. வாயில் ஏதோ வெள்ளையாகத் துடித்தது. என்னைப் பார்த்தது. ஒரு அவசரமும் இல்லை. திரும்பிப் புல்லுக்குள் போனது, புல் ஆடக்கூட இல்லை.

ஹந்துன் திவியா. சீயா சொன்னதுதான். 29 வருடம் கழித்துப் பார்த்தேன்.

பிறகு பிடித்த மீன்களைப் பற்றிச் சொல்ல ஒன்றும் பெரிதாக இல்லை. ஐந்து திலாப்பியா, உன் சன்ஃபிஷ் அளவுதான், சட்டி மீன். திலாப்பியாவும் உன்னைப்போல ஊர்விட்டு ஊர் போனதுதான், ஆபிரிக்க மீன், 1952இல் இங்கே கொண்டுவந்து விட்டார்கள், இப்போது குளம் முழுக்க அதன் குடும்பம். ஒரு சுங்கான் வந்தது, முள்ளுக்குப் பயந்து தங்கூசியை அறுத்து விட்டுவிட்டேன். இன்னொன்று, தட்டையாக, வால் பக்கம் கறுப்புப் பொட்டுகளோடு, கத்தியைப்போல. வீட்டு மீன்தொட்டிக்கென்று வாங்கினவர்கள் வளர்க்க முடியாமல் கொண்டுவந்து கொட்டினது, இப்போது மற்ற மீன்களைத் தின்று கொழுக்கிறது. அதை எடுக்க மனம் வரவில்லை. நான் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரம் பின்னால் சரசர என்றது. ஒரு கபரகொய்யா, தண்ணீர் உடும்பு, ஆறடியாவது இருக்கும், ஏதோ தன் வீட்டுச் சாமான் மாதிரி என் பையைக் கவ்விக்கொண்டு போகிறது. நான் செருப்பைக் கழற்றி எறிந்தேன். அது பையைப் போட்டுவிட்டு இரண்டு மீனோடு தண்ணீருக்குள் இறங்கியது. செருப்பும் தண்ணீருக்குள் போனது. ஒற்றைச் செருப்போடு ஓட்டோவில் வந்தேன். ஓட்டோக்காரர் ஒன்றும் கேட்கவில்லை, நல்ல மனிதர்.

வீட்டுக்கு வந்து குசினி வாசலில் நின்று அம்மாவிடம் ஒரு தேசிக்காய் கேட்டேன். பிறகு நடந்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே.

அம்மா தேசிக்காயை வெட்டித் தந்துகொண்டே, முகத்தைப் பார்க்காமல், "முழுசாக் கொண்டுபோங்கோ. பாதியைப் பையுக்குள்ள வைச்சுக் காய விடாதேங்கோ, அப்பவும் உதைத்தான் செய்தனீங்கள்" என்றாள்.

"எப்ப?"

"உங்கட புலி வேட்டைக் காலத்தில."

நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். உனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன் என்று நினைக்காதே, உனக்குத் தெரிந்தது அரைவாசி. அப்போது உனக்கு எட்டு வயது.

1996 ஜனவரி 31 மத்திய வங்கிக் குண்டு. எங்கள் ஆபீஸ் கோட்டையில், கண்ணாடி ஒன்று மிஞ்சவில்லை. நான் மேசைக்குக் கீழே குனிந்திருந்ததால் நெற்றியில் ஒரு கீறலோடு தப்பினேன். அது உனக்குத் தெரியும். பெப்ரவரி கடைசியில் கோட்டை ஆபீஸைக் குறைக்கிறோம் என்றார்கள். குறைத்த ஏழு பேரில் நாலு பேர் எங்கள் ஆட்கள். கணக்கு எனக்கு விளங்கியது, காரணம் கேட்கவில்லை. பத்துப் பன்னிரண்டு வருட வேலையில் கடைசி நாள் நான் கொண்டுவந்தது ஒரு மர அடிமட்டம்.

அம்மாவிடம் சொல்லவில்லை. அடுத்த நாள் காலை வழக்கம்போலக் குளித்து, சட்டை போட்டு, பார்சலை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். கோட்டைப் பஸ் இல்லை. வீட்டிலேயே இருந்திருக்கலாமே என்று இப்போது நினைப்பேன். ஆனால் பொலிஸ் பதிவில் என் பெயருக்கு எதிரே வேலை செய்யும் இடம் எழுதியிருந்தது. வேலையில்லாத தமிழன் வெள்ளவத்தையில் பகலில் வீட்டில் இருப்பது அந்த ஆண்டில் நல்லதில்லை. இதுவும் ஒரு காரணம்தான். வெட்கம் மற்றக் காரணம். எது பெரிது என்று இன்றைக்கும் எடைபோட முடியவில்லை.

அத்திடியாவில் சீயாவைக் கண்டது அப்போதுதான். நாலு முழச் சாரம், வெற்றிலை வாய், கித்துல் தடி. ஆபீஸ் சட்டையோடு ஒரு ஆள் கால்வாய்க் கரையில் குந்தியிருக்கிறான் என்றால் அவருக்கு விளங்காமல் இருந்திருக்குமா? ஒன்றும் கேட்கவில்லை. ஒரு தடி வெட்டித் தந்தார். பத்தரை மணிக்கே பார்சலைப் பிரித்து இரண்டு பேரும் சாப்பிடுவோம். ஒரு நாள் சைக்கிளில் இரண்டு ஆமிக்காரர் வந்து அடையாள அட்டை கேட்டார்கள். அட்டையில் தமிழ் எழுத்தைப் பார்த்ததும் ஒருவன் துவக்கைத் தோளிலிருந்து இறக்கினான். சீயா தூண்டிலிலிருந்து கண் எடுக்காமல், "மே மாத்தயா மகே யாளுவா. மாளு அல்லன்ன தன்னே நே" என்றார். இவர் என் கூட்டாளி, மீன் பிடிக்கத்தான் தெரியாது என்று. அவன் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பில் நான் அன்றைக்கு வீட்டுக்கு வந்தேன்.

மார்ச் 17 உலகக் கிண்ணம் வென்ற இரவு உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு வெடி பார்க்கப் போனேனே. அது மூன்றாம் கிழமை. அப்பா அவ்வளவு சிரித்து ஒருநாளும் பார்த்ததில்லை என்று நீ பிறகு அக்காவிடம் சொன்னாயாம். நடிப்பதென்றால் அப்படித்தான், கொஞ்சம் கூடிவிடும்.

சித்திரை விடுமுறையில் அம்மா கோவிலுக்கென்று போன ஒரு நாள் உன்னையும் கூட்டிப்போக வேண்டி வந்தது. உன்னிடம் இது அப்பாவின் லீவு நாள் என்றேன். நீ தக்கையைப் பார்த்துக்கொண்டு ஆடாமல் அசையாமல் இருந்தாய், பெரியவர்களுக்கே இல்லாத பொறுமை. சீயா அன்றைக்குத்தான் ஹந்துன் திவியாவைப் பற்றிச் சொன்னார். நீ "என்னவாம் அப்பா" என்று கேட்டாய். நான்தான் சொன்னேன், இங்கே மீன் பிடிக்கிற புலி ஒன்று இருக்காம் என்று. தமிழில் அதற்கு மீன்பிடிப் பூனை என்று பெயர். எனக்கு அது தெரியாது. பூனை என்று சொல்லியிருந்தால் எவ்வளவோ நடந்திருக்காது. புலி என்று சொன்னது நான். நீயில்லை.

மே மாதத்தில் பள்ளிக்கூட வான் ஓட்டுகிறவர் ஒரு பின்னேரம் கேற்றடிக்கு வந்தார். நல்ல மனிதர், குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். பிள்ளை வானுக்குள் மற்றப் பிள்ளைகளிடம், "எங்கட அப்பா வேலைக்குப் போறேல்லை, ஒவ்வொரு நாளும் புலி பார்க்கப் போறவர்" என்று சொல்லுதாம். வாய் பார்த்துக் கதைக்கச் சொல்லுங்கோ, செக்பொயின்ற்றில் யாருடைய காதில் விழும் என்று தெரியாது என்றார். அம்மாவும் நின்றாள். நீ எப்படிக் கண்டுபிடித்தாய் என்று எனக்கு இன்னும் தெரியாது. லீவு நாள் என்று சொன்ன பொய்யை எட்டு வயதில் உடைத்துவிட்டாய். கணக்கில் நீ கெட்டிக்காரன், அதை நான் எல்லோரிடமும் சொல்லித் திரிகிறவன்.

அன்றைக்கு மின்வெட்டு. குப்பி விளக்கு. அடிமட்டத்தால் அடித்தேன். எத்தனை அடி என்று நான் எண்ணவில்லை. எதையும் எண்ணுகிற ஆள், அதை மட்டும் எண்ணவில்லை.

இத்தனை வருடமும் நான் என்ன சொல்லி வந்தேன் தெரியுமா? பிள்ளையைக் காப்பாற்ற அடித்தேன். அந்தச் சொல் வெளியே போனால் வீட்டுக்கே ஆபத்து, பிடித்துக்கொண்டு போவார்கள், அதனால் அடித்தேன். பெரியப்பாவும் சரி என்றார், எல்லோரும் சரி என்றார்கள். காலமும் அப்படித்தான் இருந்தது. ஆனால் தம்பி, நீ வானுக்குள் சொன்னதில் இரண்டு பாதி இருந்தது. நான் அடித்தது புலிக்காக இல்லை. முதல் பாதிக்காக. அம்மா பக்கத்தில் நின்று கேட்டுவிட்டாளே என்பதற்காக.

நேற்றுத் தேசிக்காயோடு நின்று அம்மாவிடம் கேட்டேன். "உனக்கு எப்ப தெரியும்?"

"இரண்டாம் கிழமையே" என்றாள். "சட்டைக் கை மணந்தது. தேசிக்காய் குறைஞ்சது. வெயிலுக்குள்ள இருக்கிறியள் எண்டு பார்சலுக்குச் சோறும் கூடப் போட்டன்."

"ஏன் கேக்கேல்லை?"

"நீங்கள் சொல்லுவியள் எண்டு பார்த்துக்கொண்டிருந்தனான்" என்று சொல்லிவிட்டு மீனைக் கழுவப் போய்விட்டாள்.

சோறு கூடினது உண்மை. சீயாவுக்கும் சேர்த்துக் காணும் என்று நானும் யோசிக்காமல் சாப்பிட்டேன். அப்படியென்றால் மறைக்க ஒன்றுமே இருக்கவில்லை. அன்று இரவு நான் காப்பாற்ற நினைத்தது ஏற்கனவே அம்மாவின் கையில் இருந்தது. நீ பட்ட அடி ஒன்றுக்கும் இல்லாமல் பட்ட அடி. இதை நேற்று இரவு முழுக்க யோசித்தேன். அம்மா நித்திரை. அவளுக்கு இதை எழுதுகிறேன் என்று தெரியாது. ஆனால் அவளுக்கு எது தெரியும் எது தெரியாது என்று இனி நான் சொல்லப் போவதில்லை.

நீ அன்றைக்கு அழவில்லை. "இனிச் சொல்ல மாட்டன் அப்பா" என்றாய். சொன்ன சொல் தவறாத பிள்ளை நீ. ஓ.எல். பரீட்சைக்கு முதல்நாள் காய்ச்சல் நூற்றிமூன்று, சொல்லவில்லை. கனடாவில் முதல் குளிருக்கு ஜக்கெற் வாங்கப் பணம் இல்லாமல் இருந்தது எட்டு வருடம் கழித்து அக்கா சொல்லித்தான் தெரியும். அக்காவிடம் சொல்கிறாய், என்னிடம் சொல்வதில்லை என்று நான் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன். கோபப்பட எனக்கு என்ன இருக்கிறது. ஆனாலும் கோபம்தான்.

பணம் விஷயம். இந்த மாதம் அனுப்பாதே. அடுத்த மாதமும் வேண்டாம். வைப்பு வட்டி வருகிறது, அக்காவும் தந்தாள், எங்கள் இரண்டு பேருக்கும் மாதம் முடியப் பணம் மிஞ்சுகிறது. கார்த்திகையில் வருகிறேன் என்றாயே, அதற்கும் அவசரம் இல்லை, டிக்கெற் விலை குறையட்டும். சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு. காலையில் வெறும் கோப்பியோடு போகாதே, எங்கே போனாலும். மருமகளிடம் பார்சல் கட்டித்தரச் சொல். கட்டித் தருகிறவர்கள் ஒன்றும் தெரியாமல் கட்டித் தருவதில்லை, அதை நான் நேற்றுத்தான் படித்தேன்.

எனக்குப் பிறகு புறக்கோட்டையில் இரும்புக் கடைக் கணக்கு வேலை கிடைத்தது உனக்குத் தெரியும். ஜூன் நடுவில். மூன்றரை மாதம்தான். அந்த மூன்றரை மாதமும் அது முடியவே முடியாது என்றுதான் இருந்தது.

சீயா 2004க்குப் பிறகு அந்தப் பக்கம் இல்லை. நான் போய் விசாரிக்கவில்லை. வேலை கிடைத்த பிறகு இரண்டு தரம் போனேன், பிறகு நேரமில்லை என்று விட்டுவிட்டேன். அவர் வெட்டித் தந்த தடியை அந்த வெல் ஆத்தா மரத்தில்தான் சாய்த்து வைத்துவிட்டு வந்தேன். நேற்றுப் போனபோது கண் தானாக அங்கே தேடியது. இருக்குமா.

இந்தக் கடிதம் வந்துசேர எத்தனை செவ்வாய் போகுமோ தெரியாது. ஒவ்வொரு செவ்வாயும் இரவு எட்டரைக்குப் போனைக் கையில் வைத்திருப்பேன். செய்தி பார்க்க மாட்டேன். கதைக்க வேண்டும் என்றில்லை, படம் மட்டும் அனுப்பினாலும் சரி. அந்த நாரை திரும்ப வந்ததா என்று எழுது. கல்லில் நிற்காதே, கரையில் நில்.

மீன் மூன்றையும் அம்மா மிளகாய்த்தூள் பிரட்டிப் பொரித்தாள். கால்வாய் மீன் சாப்பிட மாட்டேன் என்று இத்தனை வருடம் சொன்னவள் ஒன்றை முழுதாகச் சாப்பிட்டாள். உப்புக் குறைவாம்.

அன்புடன்,
அப்பா

பி.கு.: சட்டைக் கை விளிம்பு. இரண்டு பக்கமும்.